பொறுத்துக்கொண்ட வருஷம்

வசந்தகுமார் வாயில் எப்போதும் முதலில் வருகிற மராத்திச் சொல் 'சாலேல்'. பரவாயில்லை, ஆகட்டும் என்று பொருள். புனேயில் இத்தனை காலம் சைக்கிளில் இட்லி விற்றவருக்கு அந்த ஒரு சொல்லே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்று என்றால் சாலேல். நாளைக்குத் தருகிறேன் என்றால் சாலேல். வண்டியை இங்கே நிறுத்தாதே, தள்ளிப் போ என்றாலும் சாலேல்தான். ரப்பர் ஹாரனை ஒரு தடவை அமுக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

"உங்களுக்குக் கோவமே வராதாங்க?" என்று கல்யாணமான புதிதில் கிரிஜா கேட்டாள்.

"வரும். வந்துட்டுப் போயிடும்."

"எங்க போவும்?"

"முருகன்கிட்ட."

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்பா புனேயின் கட்கிக்கு வேலைக்கு வந்தபோது கூடவே வந்தவர் அவர். ஊரில் படித்த ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஆற்றோரத் தாழ்வில் ஒரு சின்ன வீடு கட்டினார். அப்பா காலமான பிறகு வீடும், அம்மா தர்மாம்பாளும், அம்மாவின் இட்லிப் பானையும் வசந்தகுமாருக்கு மிஞ்சின.

அந்த வீட்டுக்கு இரண்டு வழி. முன்வாசல் வழியாகப் போனால் கடைத்தெருவுக்குச் செங்குத்தாக ஏறும் கல்படிகள். குறுகலான படிகள், மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். பின்வாசலைத் திறந்தால் சிமெண்டுத் தரை, சுற்றுச்சுவரில் ஒரு திறப்பு, அதற்கு அப்பால் தாப்கீர் குடும்பத்தின் பெரிய காலிமனை. மனையைக் குறுக்கே கடந்தால் தார்ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்க்காரர்கள் கட்டிய முருகன் கோயில். மேடு பள்ளம் இல்லாத சமதரை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கார்த்திகைக்குக் கோயிலுக்குப் போகும் பால்குடம், எல்லாம் அந்த வழியாகத்தான். போகலாமா என்று யாரையும் கேட்டதில்லை. ஏன் போகிறாய் என்று யாரும் கேட்டதும் இல்லை.

பெரிய தாப்கீர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் பிள்ளை காலிமனையில் புல் வளர்த்து, விளக்குக் கட்டி, கல்யாணங்களுக்கு விடும் லான் ஆக்கினார். அப்போதும் வழி இருந்தது. பந்தலின் ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு தர்மாம்பாள் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குப் போய், வீடு வெறிச்சென்று ஆன மறுநாள், பின்பக்கத்தில் வெல்டிங் சத்தம் கேட்டது. சுவர்த் திறப்பை அடைத்து ஒரு தகரக் கேட் நின்றது. பூட்டு அந்தப் பக்கம்.

சின்ன தாப்கீர் தாமே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தர்மாம்பாள் படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு நகைநட்டோடு ஆட்கள் வருகிறார்கள், நாலு பக்கமும் திறந்து கிடந்தால் யார் பொறுப்பு, அண்ணா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

வசந்தகுமார் யோசித்தார். அம்மா போய்விட்டாள். வருஷ திதி கொடுக்கும்வரை கோயில் வாசலை மிதிப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பண்டிகை கிடையாது, பால்குடம் கிடையாது. போகாத கோயிலுக்கு வழி எதற்கு? துக்க வீட்டிலிருந்து ஒருவன் கல்யாணப் பந்தலின் குறுக்கே நடப்பதும் நல்லதில்லை.

"சாலேல், சாஹேப்" என்றார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிரிஜா, அவர் போனதும் வெளியே வந்தாள். "அரிசி மூட்டைக்கும் துக்கமா? அதுவும் ஒரு வருஷம் படியிலேதான் வரணுமா?"

"ஒரு வருஷம்தானே கிரிஜா. தோள்ல தூக்கிட்டு வந்துர்றேன்."

"ஒரு வருஷம்னு அந்த ஆளுகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஒரு வருஷத் துக்கம் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று அவர் நினைத்துவிட்டார்.

அந்த வருஷம் மூட்டைகள் படி வழியாகத்தான் இறங்கின. சைக்கிளைத் தோளில் போட்டு ஏற்றுவார். ஏழெட்டு மாதம் போயிருக்கும். மழை தூறிய ஒரு நாள், கேஸ் சிலிண்டரோடு படி இறங்கியவருக்குக் கால் வழுக்கியது. சிலிண்டர் தடதடவென்று உருண்டு முன்கதவில் மோதி நின்றது. அவருக்கு முழங்கையும் முட்டியும் தோல் உரிந்துவிட்டன. படியிலேயே உட்கார்ந்து முருகா என்றார்.

கிரிஜா அவரைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள். கையில் இருந்த இட்லிக் கரண்டியோடு வீட்டைக் கடந்து பின்பக்கம் போனாள். தகரக் கேட்டில் படார் படார் என்று அடிக்க ஆரம்பித்தாள்.

"தொறடா கேட்டை! எங்க மாமனார் காலத்து வழியை அடைக்க நீ யாருடா? எங்க ஊட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி, நான் அப்படி இல்ல! இன்னிக்கு நீ தொறக்கணும், இல்ல நான் ஒடைக்கணும்!"

அந்தப் பக்கம் முகூர்த்த நேரம். மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் துணி பிடித்து, மங்களாஷ்டகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் நின்றது. நூறு தலைகள் தகரக் கேட்டின் பக்கம் திரும்பின. கேட்டில் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தவர் காவல்காரர் முகமது இஸ்மாயில். ஆம்பூர்க்காரர்; அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு மட்டும் புரிந்தது.

"அக்கா, அக்கா, மெதுவா. உள்ள தாலி கட்டப் போறாங்க."

"கட்டட்டும்! எங்க வழியையும் கட்டிட்டீங்கல்ல!"

வசந்தகுமார் நொண்டிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவர் பதறியது அடிபட்டதற்காக அல்ல. துக்கம் கழியாத வீட்டுப் பெண்பிள்ளை, ஒரு கன்னிப்பெண் மாலை மாற்றும் நேரத்தில், கரண்டியால் தகரத்தை அடித்துக் கத்திவிட்டாளே. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டுமே. அந்தப் பாவம் எங்கே போய் விடியும்?

மறுநாள் கடைத்தெருவில் ஒரு தேங்காய் வாங்கினார். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, துக்க வீட்டு வாசல் பட்ட தேங்காயைக் கொடுக்கலாகாது. சுற்றிக்கொண்டு தார்ரோட்டு வழியாக லானுக்குப் போனார். இஸ்மாயில் உள்ளே விட்டார். சின்ன தாப்கீரிடம் தேங்காயைக் கொடுத்து, குனிந்து, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: அவள் தெரியாமல் பேசிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள், இனிமேல் எங்களால் ஒரு தொந்தரவும் வராது.

தாப்கீர் அவர் தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கிரிஜா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாவை ஊற்றிக்கொண்டே, "நான் போட்ட ஒரே ஒரு சண்டை. அதையும் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டீங்க" என்றாள்.

வருஷ திதி வந்தது, முடிந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வசந்தகுமார் தாப்கீரைத் தேடிப் போய்க் கேட்டார். "இப்போது சீசன், அண்ணா. கல்யாணம் எல்லாம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் அவர். சாலேல் என்றுவிட்டுக் கோயிலுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

சீசன் முடிவதற்குள் ஒரு காலையில் கிரிஜா இட்லித் தட்டைக் கையில் எடுத்தபடி நின்றாள். தட்டு சரிந்தது, பிறகு அவளும் சரிந்தாள். படிகளில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கடைத்தெருப் பையன்கள் நாலு பேர் போர்வையில் கிடத்தி ஏற்றினார்கள். கேட் பூட்டியிருந்தது, இஸ்மாயில் சாவி தேடிக்கொண்டு முதலாளிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் படி ஏறிப் பாதி தூரம் போய்விட்டார்கள்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. "ஆச்சு." தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, மகளைக் கண்டு அழுதாலும் ஆச்சு.

டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். தினமும் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. விட்டு விட்டு வந்தா பிரயோஜனம் இல்ல" என்றார். பயிற்சி கொடுக்கும் இடம் கோயிலுக்கு அடுத்த கட்டிடம். பின்வாசல் வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளினால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடலாம்.

வழி விடச் சொல்லிக் கேட்டனுப்பியபோது தாப்கீர் இந்தத் தடவை நேரில் வரவில்லை. நோயாளியை விட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

முதல் மாதம் படி வழியாகவே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் பையன்கள் தூக்கினார்கள். கிரிஜா கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். பையன்களுக்கு வேலை இருந்தது. இரண்டு பேர் போசரிக்கு ஷிப்டு வேலைக்குப் போனார்கள். தினமும் என்பது வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று, மழை வந்ததும் மாதத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. வேறு வீடு பார்த்தார். விடிவதற்கு முன் கிரைண்டர் ஓட்டும் இட்லிக்காரருக்குக் கீழ்த்தளத்தில் வீடு கொடுக்க எவரும் முன்வரவில்லை.

மகள் ஸ்ரீவித்யா ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். அவள்தான் வக்கீலைப் பிடித்தாள். முகுந்த் என்று பெயர், ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"இட்லி அண்ணாவா நீங்க? ஸ்கூல்ல படிக்கிறப்ப உங்க கையால சாப்பிட்டிருக்கேன். ஒக்காருங்க" என்றான். எல்லாவற்றையும் கேட்டான். "வழியில எத்தனை வருஷமா போய் வர்றீங்க?"

"அப்பா வீடு கட்டின நாள்லேருந்து தம்பி. நாப்பது வருஷத்துக்குக் கொறையாது."

"சட்டத்துக்கு இருபது போதும். நடுவுல நின்னிருக்கா?"

வசந்தகுமார் விரல்விட்டு எண்ணினார். "ஊருக்குப் போனா ரெண்டு மாசம் பூட்டிக் கெடக்கும். அம்மாவுக்கு அம்மை போட்டப்ப பின்வாசலையே தொறக்கல. அதெல்லாம் கணக்குல வருமா?"

"வராது. நீங்களாப் போகாம இருந்தா அது நின்னதே இல்ல. அர்ரே, அண்ணா, சட்டத்துல தடைன்னா வேற. அடுத்தவன் குறுக்க ஏதாவது வெக்கணும். வெச்சது உங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சும் ஒரு வருஷம் நீங்க பொறுத்துக்கிட்டுப் போகணும். மூணும் சேர்ந்தாத்தான் அது தடை."

"பொறுத்துக்கிட்டா?"

"பொறுத்துக்கிட்டா போச்சு. நாப்பது வருஷமும் போச்சு."

"சண்டை போட்டிருந்தா?"

"சண்டை, நோட்டீஸ், போலீஸ், ஏதோ ஒண்ணு. நான் ஒத்துக்கலன்னு தெரியற மாதிரி. அப்ப அவன் கேட் எவ்வளவு உசரமா இருந்தாலும் சட்டத்துக்கு அது கேட்டே இல்ல."

வசந்தகுமார் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் போகிறவனுக்கு முருகன் துணை என்றுதான் அம்மா சொல்லி வளர்த்தாள். இது இங்கே இப்படி எழுதியிருக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"அம்மா கத்தினாங்க" என்றாள் ஸ்ரீவித்யா. தமிழ் அவளுக்குத் தட்டித் தட்டித்தான் வரும். "கேட்டை... கரண்டியால... பெரிய சீன் பண்ணாங்க. இஸ்மாயில் அங்கிள் பார்த்தார்."

முகுந்த் நிமிர்ந்தான். எப்போது என்று கேட்டான். மனதுக்குள் கணக்குப் போட்டான். "அந்தச் சத்தத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு வருஷம் ஆகலை! அண்ணா, அன்னிக்கு அக்கா உங்களுக்கு உயிர் குடுத்திருக்காங்க. இந்த வாரமே போட்டுடலாம். ஆனா அவங்களால சாட்சி சொல்ல முடியாதே... சரி, நீங்க சொல்லுங்க."

வசந்தகுமார் மகளைப் பார்த்தார். ஆனாலும் சொல்லிவிட்டார். "மறுநாள் நான் போய் மன்னிப்புக் கேட்டேன் தம்பி. தேங்கா குடுத்தேன். இனிமே தொந்தரவு வராதுன்னு சொன்னேன்."

முகுந்த் எழுதுவதை நிறுத்தினான்.

"ஏன் அண்ணா?"

"முகூர்த்த நேரம் தம்பி. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

முகுந்த் பேனாவை மூடினான், திறந்தான். "மன்னிப்புக் கேட்டுட்டா அந்தச் சத்தம் நடக்காத மாதிரி. அப்ப கேட் போட்ட நாள்லேருந்துதான் எண்ணுவாங்க. வருஷம் தாண்டிடுச்சு. பார்க்கலாம். தாப்கீருக்குத் தேங்கா ஞாபகம் இருக்காது. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லலாம். புரியுதா?"

வழக்குப் போட்டார்கள். தேதிக்கு மேல் தேதி வந்தது. அதுவரைக்குமாவது கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள் என்று முகுந்த் கேட்டுப் பார்த்தான். முன்பக்கம் வழி இருக்கிறதே என்று மறுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்ன ஆறு மாதமும் சிவாஜிநகர் கோர்ட் வராண்டாவில் கழிந்தது. கோயில் டிரஸ்ட்டில் கொடுத்த சக்கர நாற்காலி கூடத்தில் மடக்கியபடி சுவரில் சாய்ந்திருந்தது. கிரிஜாவின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கிக்கொண்டு வந்தன. வசந்தகுமார் தினமும் நல்லெண்ணெய் தேய்த்து அந்த விரல்களைப் பிரித்துவிடுவார். கையை எடுத்ததும் அவை திரும்ப மூடிக்கொள்ளும்.

சாட்சி விசாரணைக்கு முந்தின வாரம், இட்லி வாங்குகிற சாக்கில் இஸ்மாயில் அவரைத் தெருவில் பிடித்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். எங்க சேட்டோட வக்கீல் என்னைக் கூப்ட்டுக் கேட்டாரு. அக்கா கத்தினதைச் சொன்னேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டாரு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தேங்காயையும் சொல்லிட்டேன்ணே. கேட்டாங்க. நோன்பு மாசம் வேற. பொய் வரல."

"சரி பாய். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"நீங்க சொல்லாதீங்கண்ணே" என்றார் இஸ்மாயில். "நான் சொன்னது நான் சொன்னதாவே இருக்கட்டும். கூலிக்காரன், மொதலாளிக்காகச் சொல்றான்னு உங்க வக்கீல் சொல்லட்டும். நான் தாங்கிக்கிறேன்."

வசந்தகுமார் அவர் பொட்டலத்தில் இரண்டு இட்லி கூட வைத்தார்.

கோர்ட்டுக்குப் போகும் வழி முழுக்க ஆட்டோவில் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. கந்தனைக் கூப்பிடுகிறார் என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். அவர் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். யாத் நஹி. யாத் நஹி. ஞாபகம் இல்லை. காலையிலேயே கோயிலுக்குப் போய், இந்த ஒரு பொய்யை எடுத்துக்கொள், தண்டனை எனக்கே இருக்கட்டும், அவள் வழியைத் திறந்துவிடு என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"அப்பா, ஈஸியா எடுத்துக்கோங்க. ரெண்டே வேர்ட்" என்றாள் மகள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்காகப்பா."

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், சாந்தமானவர். அண்ணா என்றே கூப்பிட்டார். கேட் எப்போது போட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். உங்கள் மனைவி வந்து சத்தம் போட்டார், அதற்கு மறுநாள் நீங்கள் என் கட்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள், சரியா என்றார்.

"யாத் நஹி" என்றார் வசந்தகுமார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. முகுந்தின் தோள் கொஞ்சம் இறங்கியது. வாசல் பக்கத்துப் பெஞ்சில் ஸ்ரீவித்யா மூச்சை விட்டாள்.

வக்கீல் அவசரப்படவில்லை. தாளைப் புரட்டினார். "மன்னிப்பு இல்லை என்றால் வேறு எதற்கு வந்தீர்கள்? கையில் உடைத்த தேங்காய் கொண்டுவந்தீர்களாமே. அம்மா செத்த வீட்டிலிருந்து, கல்யாணம் நடந்த இடத்துக்கு, உடைத்த தேங்காய். அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் வரட்டும் என்றுதானே?"

"ஐயையோ, இல்லீங்க!" வசந்தகுமார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தமிழும் இந்தியும் கலந்து வந்தன. "முழுத் தேங்கா சாஹேப். துக்க வீட்டு வாசப்படிகூடப் படல. கடையில வாங்கி அப்படியே கொண்டாந்தேன். அந்தப் பொண்ணு நல்லாயிருக்கணும்னுதான் குடுத்தேன். கெடுதல் நெனைப்பேனா? மன்னிப்புக் கேக்கத்தானே போனேன்!"

தட்டச்சு செய்கிறவரின் விரல்கள் ஓடின.

"நன்றி, அண்ணா" என்றார் வக்கீல். மெய்யாகவே மரியாதையோடுதான் சொன்னார்.

வெளியே வந்ததும் ஸ்ரீவித்யா சுவரைப் பார்த்து நின்றாள். அவர் பக்கத்தில் போனார். அவள் திரும்பவில்லை.

"அந்தப் பொண்ணைப் பத்திக் கேட்டாரும்மா."

"யாருப்பா அந்தப் பொண்ணு? அவ பேராவது உங்களுக்குத் தெரியுமா? அம்மா பேரு தெரியும்ல?"

அவர் போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

தீர்ப்பு வர மேலும் சில மாதங்கள் ஆயின. முகுந்த் வீட்டுக்கே வந்து சொன்னான். நாற்பது வருஷம் நடந்தது உண்மை. ஆனால் தடை போட்டது தெரிந்தும், ஒரு வருஷத்துக்கு மேல் ஏற்றுக்கொண்டு இருந்தார்கள். நடுவில் எழுந்த ஒரே மறுப்பையும் வாதியே போய்த் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆகவே வழி இல்லை.

"துக்கம்னு சொன்னீங்களா தம்பி? வருஷ திதி வரைக்கும்தான் அப்படி இருந்தோம்னு?"

"சொன்னேன் அண்ணா. கோயிலுக்குப் போகாம இருந்தது அவர் இஷ்டம், அது தடை இல்ல, சரின்னாங்க. ஆனா கேட்டைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்லி எந்தத் துக்கமும் சொல்லலியேன்னு கேட்டாங்க." அவன் காபியைக் குடிக்காமலே எழுந்தான். "அப்பீல் போகலாம். ஆனா அதுக்கு வருஷக் கணக்கா ஆகும். ஜெயிப்போம்னு வாய்கூசாம என்னால சொல்ல முடியாது."

வசந்தகுமார் சாலேல் என்று சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை.

அவன் படி ஏறிப் போன பிறகு கூடத்துக்கு வந்தார். சக்கர நாற்காலியின் மேல் வைத்திருந்த மாவு வாளியை இறக்கினார். நாற்காலியை விரித்துத் துடைத்தார். கிரிஜாவை அணைத்துத் தூக்கி உட்கார வைத்தார். அவள் எங்கே என்பது போல் பார்த்தாள். புடவைத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, பின்வாசலைத் திறந்து, சிமெண்டுத் தரையில் தள்ளிக்கொண்டு போனார். நாலு தள்ளு தள்ளுவதற்குள் கேட் வந்துவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை. அங்கேயே நிறுத்தினார்.

அந்தப் பக்கம் கல்யாணம். ஷெனாய் ஒலித்தது. அட்சதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள்.

கிரிஜா தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். நல்ல கை. அடித்தாள். படார். ஷெனாயில் அது எங்கேயோ அமுங்கிப்போனது. மறுபடி அடித்தாள்.

"ஆச்சு!" என்று கத்தினாள். "ஆச்சு! ஆச்சு!"

அவருடைய கை பழைய வழக்கத்தில் அவள் கையைப் பிடிக்கப் போயிற்று. பாதியில் நின்றது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாற்காலியின் பின்னால் நின்று அதன் பிடியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அடிக்கட்டும். மைக் நிற்கட்டும். இப்போது அதற்கு எந்தக் கணக்கும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

கேட்டின் சின்ன ஜன்னல் திறந்தது. இஸ்மாயிலின் முகம் தெரிந்தது. அவளைப் பார்த்தார், பின்னால் நின்றவரைப் பார்த்தார். மெதுவாக என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. ஜன்னலை மூடவும் இல்லை.

அதன் வழியாக, அவர் தோளுக்கு மேலே, புல்தரையும் அதற்கு அப்பால் தார்ரோடும் தெரிந்தன. ஒரு ரிக்‌ஷா நின்று யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. கோயில் கோபுரத்தின் மஞ்சள் சுண்ணாம்பு கொஞ்சம் தெரிந்தது. கிரிஜா கையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். வசந்தகுமாரும் குனிந்து, அவள் தலையோடு தலை வைத்து, அந்தச் சதுரத்தின் வழியாகப் பார்த்தார். கும்பிட வேண்டும் என்று தோன்றியது. கையை எடுத்தால் நாற்காலி நகர்ந்துவிடும் என்று அப்படியே நின்றார்.